வேறு வியாதி ஏதாவது உண்டா

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதில்லை. அவளைத்தான் செல்போனில் முன்னாலேயே பார்த்தாகிவிட்டதே. பந்தியில் இனிப்பு வரும்போது எந்தக் கை இலைக்கு மேலே குடை பிடிக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். பெண்ணின் அப்பா "எனக்குப் போளி வேணாம்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் ஷுகர் உண்டு. அவருக்கு உண்டென்றால் பெண்ணுக்கும் வரும், பெண்ணுக்கு வந்தால் அவள் பெறுகிற பிள்ளைக்கும் வரும். ஒரே ஒரு போளியை மறுத்த குற்றத்துக்கு மூன்று தலைமுறை கெட்டுப்போகும். புத்தூர், நகரி, சத்தியவேடு என்று எல்லையோரத்து ஜனங்கள் நாங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற அளவுக்கு மரியாதை கெட்டவர்கள் இல்லை. இனிப்பு வைத்தே பரீட்சை நடத்திவிடுவோம்.

நான் சித்தூர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறுகிற ஜனங்களின் வாயிலிருந்துதான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். எனக்கு ஷுகர் வந்த புதிதில் முகம் தொங்கிப்போய் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பாகாலாவில் ஏறிய ஒரு பூக்காரம்மா என்ன ஏதென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள்: "இதுக்குப் போயா மொகத்த இப்டி வெச்சிகினு கீற? ஷுகர் இன்னா பண்ணும்? வூட்டுக்கு வந்த மாமியா மாதிரி. போவச் சொல்ல முடியாது. வேளா வேளைக்குக் கவனிச்சா ஒரு மூலைல குந்திகினு கெடக்கும்."

அன்றிலிருந்து என் மாமியாரை நான் மறைத்ததே இல்லை. ஷுகர் பத்து வருஷம், பிபி ஆறு வருஷம். இரண்டுக்கும் ஒரு கனத்த ஃபைல். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

என் அக்கா வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். புத்தூர்ப் பக்கம் மாந்தோப்பும் கொஞ்சம் வேர்க்கடலையும் வைத்து விவசாயம் பார்க்கிறவர். நெஞ்சு அகலம், குரல் அதைவிட அகலம். நான் வீட்டுக்குள் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"வாடா மச்சான். பைய அவுத்துக் காட்றா. மெடிக்கல் ஷாப்பத் தெறந்து வெச்சிட்டு வந்தியா, மூடிகினு வந்தியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அதே குரலைத் தரையோடு தரையாக வைத்துக் கேட்பார்: "எடுத்தாந்தியா?"

எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன். மாமாவுக்கும் ஷுகர். நாலு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றத் திருப்பதிக்கு வந்தவரை, கண் டாக்டர் ரத்தம் பார்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். ரத்தம் பார்த்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார் மாமா. என் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, "பொண்ணு கல்யாணம் முடியற வரிக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் மச்சான். உங்க அக்காவுக்கும் தெரியக் கூடாது. அவ வாயி மைக் செட்டு," என்றார்.

புத்தூரில் மாத்திரை வாங்கினால் கடைக்காரன் பார்ப்பான். ரேணிகுண்டாவில் வாங்கினால் பங்காளி எவனாவது பார்ப்பான். பாகாலாவில் எங்கள் ஜனம் யாரும் இல்லை. டீக்கு பஸ் நிற்கிற பத்து நிமிஷத்தில் எனக்கு ஒரு மாதத்துக்கு, மாமாவுக்கு ஒரு மாதத்துக்கு என்று வாங்கிவிடுவேன். அட்டையோடு கொடுத்தால் பெயர் தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கி, முட்டிவலிக்கு விற்கிற மூலிகை மாத்திரையின் காலி டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். தினமும் காலையில் என் அக்காவே வெந்நீரும் கையுமாக நின்று, "முட்டிக்குப் போட்டுக்கினியா?" என்று கேட்டுக் கொடுப்பாள். நாலு வருஷத்தில் மாமாவின் முட்டி நன்றாகக் குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, அந்த மூலிகை மாத்திரையை நாலு கிழவிகள் வாங்கிச் சாப்பிடும்படியும் செய்தாள்.

அக்கா மகளுக்குச் சத்தியவேடு பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் தங்கமான பையன். அவன் அப்பா மின்சார ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயரானவர். உயரமாக, ஒட்டிய உடம்போடு, ஒவ்வொரு வார்த்தையையும் கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர். கொரோனா இரண்டாவது அலை வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. தேதியைத் தள்ளிவைக்கலாமே என்றேன்.

"அல வர்றதுக்கு நம்ம ஊர்ல இன்னா கடலா கீது? பயந்தாங்கொள்ளிப் பய," என்று முடித்துவிட்டார் மாமா.

நிச்சயத்துக்கு முன் பேச்சு, மாமா வீட்டிலேயே நடந்தது. தாய்மாமன் நான் முன்வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். என் ஷுகரோ ஊரறிந்த சங்கதி. அதற்கும் மாமா வழி வைத்திருந்தார்.

"இவனுக்கு கீறது ரத்தத்துல வந்த ஷுகர் இல்ல சம்பந்தி. பஸ்ல டீ குடிச்சி குடிச்சி வந்தது. டூட்டி வியாதி."

சம்பந்தி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்டக்டர்ங்களுக்கு வரும்," என்று பெரிய மனது பண்ணினார்.

மாடியில் பந்தி. மாடிப்படி ஏறும்போது சம்பந்தி மூன்று இடத்தில் நின்றார். நின்ற ஒவ்வொரு இடத்திலும் எதையாவது பாராட்டினார். முதலில் சுவருக்கு அடித்த பெயிண்ட்டை, அப்புறம் கைப்பிடியின் கம்பி வேலையை, கடைசியாகத் தென்னை மரத்தை. என்ன நிதானமான ரசனை என்று நான்கூட நினைத்துக்கொண்டேன்.

போளி வந்தது. மாமா ஆறு தின்றார். நெய் ஊற்றச் சொல்லித் தின்றார். சம்பந்தி ஐந்து. இரண்டு பேரும் ஒருவர் இலையை ஒருவர் பார்த்துக்கொண்டே தின்றார்கள். என் இலையில் மட்டும் ஒரு அப்பளம் தனியாக உட்கார்ந்து இந்தக் குஸ்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரீட்சையில் இரண்டு வீடும் பாஸ்.

அந்த வாரமே மாமா, சம்பந்தி, நான் மூன்று பேருக்கும் காய்ச்சல். யார் யாருக்குக் கொடுத்தது என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. மாமா சமையல்காரனைச் சொல்கிறார், அக்கா வேன் டிரைவரைச் சொல்கிறாள். மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தது திருப்பதியில் ஒரே ஆஸ்பத்திரி. கட்டில் கிடைப்பதே பெரிய பாடாக இருந்த அந்த நாளில், மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் வழியாக அடுத்தடுத்து மூன்று கட்டில் கிடைத்தது. ஜன்னலோரம் நான், நடுவில் சம்பந்தி, சுவரோரம் மாமா. பந்தியில் உட்கார்ந்த அதே வரிசை. மூன்று பேர் மூக்கிலும் ஆக்சிஜன் மாஸ்க்.

தலை முதல் கால் வரை பிளாஸ்டிக்கில் மூடிய ஒரு நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்தாள். பேர், வயசு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "வேரே ஜப்புலு ஏமைனா உன்னாயா?" என்றாள். வேறு வியாதி ஏதாவது உண்டா.

என்னிடம் கேட்டதும் ஃபைலையே நீட்டிவிட்டேன். அவள் எழுதி எழுதி இரண்டாவது தாளுக்குப் போனாள்.

சம்பந்தி, "ஏமீ லேது," என்றார். ஒன்றும் இல்லை.

மாமா மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ஏமீ லேதம்மா! ராயி!" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். கல்லாம். தட்டிய கையோடு ஐந்து நிமிஷம் இருமினார்.

வந்த அன்று எல்லோருக்கும் விரலைக் குத்தி ஷுகர் பார்த்தார்கள். இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்காத உடம்பு, அதுவரை விடாமல் போட்ட முட்டிவலி மாத்திரை வேறு. மாமாவுக்கு ஏதோ கொஞ்சம்தான் கூடுதலாக இருந்தது. காய்ச்சலில் அப்படி இருக்கும் என்று குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விரல் குத்துகிற நர்ஸ் வேளைக்கு வேளை என்னிடம்தான் வந்தாள். ஃபைல் இருக்கிறவனுக்குத்தானே மரியாதை.

எங்களைப் பற்றி வெளியே இருந்தவர்களின் கணக்கு வேறு மாதிரி. அக்கா என்னைப் போனில் கூப்பிட்டு அழுவாள்: "உனுக்குத்தான்டா பயமா கீது. ஷுகர் கீறவங்களத்தான் இது தூக்கிகினு போவுதாம், டிவில சொல்றான். உங்க மாமாவப் பத்தி எனுக்குக் கவலயே இல்ல. அவருக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல, கடவுள் புண்ணியம்."

மாமாவும் நடுவிலிருந்த சம்பந்தியிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம் எங்க மச்சான். உள்ளுக்குள்ள ஆயிரம் வெச்சிகினு கீறான். தாங்குவானான்னு தெரில."

சம்பந்தி தலையை மட்டும் ஆட்டினார்.

மூச்சுக்காக ஒரு ஊசி போட்டார்கள், எல்லோருக்கும். ஸ்டீராய்டு. அது நுரையீரலுக்கு நல்லது, ஆனால் ஷுகரைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று என்னிடம் சொல்லி, எனக்கு இன்சுலினும் சேர்த்துப் போட்டார்கள். மாமாவுக்கு அந்த ஊசி மட்டும்தான். அவருடைய முட்டிவலி டப்பாவோ புத்தூரில் அலமாரியில் இருந்தது. 'சாவப் பொழைக்கக் கெடக்கும்போது முட்டிக்கு இன்னா வந்துச்சி' என்று அக்கா அதைப் பையில் வைக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படி நம்பும்படி நாலு வருஷம் பாடுபட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். அரைமணிக்கு ஒரு தரம் ஒன்றுக்குப் போகிற பாத்திரத்தைக் கேட்டார். நாக்கு வறண்டு பேச்சு ஒட்டியது. பத்து வருஷம் இதையே படித்தவன் நான். பாத்திரத்துக்காக அவர் கை நீட்டும்போதே ஷுகர் ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"மச்சான். முட்டி ரொம்ப வலிக்குது. உன்தில ஒண்ணு குடேன்."

நடுக்கட்டிலில் சம்பந்தி இல்லாவிட்டால் ஷுகர் மாத்திரை என்று பெயர் சொல்லியே கேட்டிருப்பார். மூச்சு வாங்குகிற அந்த நேரத்திலும் எங்கள் பக்கத்து மரியாதை அவரை விடவில்லை. எனக்கும் புத்தி எங்கே போனது? நர்ஸைக் கூப்பிடாமல் என் பையைத் துழாவி, என் அட்டையில் ஒரு மாத்திரை இருக்கிற துண்டைக் கத்தரித்து, "இத கொஞ்சம் அவருகிட்ட குடுங்க சம்பந்தி, முட்டிக்கு," என்று நீட்டினேன்.

சம்பந்தி அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்க ஊர்லயும் முட்டி வலிக்காரங்க ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு மாத்திரையை அந்தப் பக்கம் கொடுத்தார் சம்பந்தி.

அவ்வளவுதான். நாலு வருஷமாக பாகாலா வரை போய்க் காப்பாற்றிய ரகசியம், யாரிடம் போகக் கூடாதோ அவர் கையாலேயே மாமாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது மாமாவுக்கு மட்டும் புரியவில்லை.

ஒரு மாத்திரைக்கா அடங்கும் அந்த ஊசி ஏற்றிய ஷுகர்? மறுநாள் காலையில் மாமா கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், ஆனால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் திறந்தார். மூச்சு வேறு விதமாக, ஆழமாக இழுத்தது. டாக்டரம்மா ரவுண்டு வந்தார். இளம் வயது, கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும்தான் தெரியும். மாமாவின் அட்டையைப் பார்த்து, வேறு வியாதி ஒன்றுமில்லையே, ஏன் இப்படி இறங்குகிறார் என்று நர்ஸிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. அந்த மயக்கத்திலும் என்னை மட்டும் அடையாளம் தெரிந்தது அவருக்கு. வேண்டாம் என்று ஒரு விரலை ஆட்டினார். அந்த விரலின் அந்தப் பக்கம் என் அக்கா மகளின் கல்யாணம், இந்தப் பக்கம் அவள் அப்பன்.

"மேடம், ஆயனக்கி ஷுகர் உந்தி!" என்று கத்தினேன். மாஸ்க்கும் ஆக்சிஜன் இரைச்சலும் பிளாஸ்டிக் உடுப்பும் சேர்ந்து அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கடைசி சீட்டுக்காரனுக்கு 'டிக்கெட்' என்று கூவுகிற குரலில் கூவினேன். ஷுகர் உண்டு, நாலு வருஷமாக உண்டு, மாத்திரை நின்று நாலு நாள் ஆகிறது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புத்தூருக்கே கேட்டிருக்கும்.

விரலைக் குத்தினார்கள். மிஷின் எண்ணே காட்டவில்லை. எண்ணுக்கெல்லாம் மேலே போய்விட்டது என்பதற்கு அது வைத்திருக்கிற எழுத்தை மட்டும் காட்டியது. அரைமணி நேரத்தில் மாமாவைத் தள்ளிக்கொண்டு ஐசியு பக்கம் போனார்கள். போகும்போது என் கட்டிலைத் தாண்டினார். என்னைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நானும் சம்பந்தியும் மிஞ்சினோம். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வாய் வைத்துவிட்டு மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பொடிசாக எதையோ எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எனக்குத் தெரியும். பாகாலா தாண்டி ஒரு நாள் ஒரு வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, அவர் பையிலிருந்து எடுத்து நானே வைத்திருக்கிறேன்.

"இன்னா சம்பந்தி அது?"

"ஏலக்கா. வாய் கசக்குது."

அவர் மாடிப்படியில் பாராட்டிய பெயிண்ட்டும் கைப்பிடியும் தென்னை மரமும் அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கின. நான் அழைப்பு மணியின் பக்கம் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மச்சான்," என்றார். அதுவரைக்கும் என்னை 'கண்டக்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார். "ரெண்டு வருசம் ஆவுது. மெட்ராஸ்ல நெஞ்சுக்குள்ள ஒரு ஒயர வெச்சி அனுப்பிச்சாங்க. எங்க வூட்டம்மாவத் தவர யாருக்கும் தெரியாது, எம் புள்ளைக்கே தெரியாது. உங்க பொண்ண நாங்க முடிச்சிக்கறோம். முட்டி வலின்னா எங்களுக்கு இன்னா? ஆனா எங்க வூட்டு சங்கதிய உங்க ஆளுங்க அப்டி எடுத்துக்குவாங்களா? கல்யாணம் முடியட்டும், நானே சொல்றன்."

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடலாமே."

"காலைல சொன்னியே, அது டாக்டர்கிட்ட மட்டுமா சொன்ன?"

அவர் மெதுவாகச் சிரித்தார்.

"நீ கண்டக்டரு. டிக்கெட் குடு, ஸ்டாப் வந்தா விசில் ஊது. எவன் எங்க எறங்கறதுன்னு நீ சொல்லாத. வாங்கினவனுக்குத் தெரியும்."

நல்ல பேச்சு என்றால் மயங்கிப்போகிற வியாதி எனக்கு. அதை மட்டும் யாரும் அட்டையில் எழுதவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரைக் காட்டிக்கொடுப்பதா என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். மணியை அழுத்தவில்லை. அன்றும் அழுத்தவில்லை, மறுநாளும் இல்லை.

அதற்கடுத்த நாள், காலை இட்லிப் பொட்டலம் வருகிற நேரத்தில், சம்பந்தி எழுந்து உட்கார்ந்து சட்டைப் பையைத் தேடினார். கை அதற்குள் போகவில்லை. நான் மணியை அழுத்தினேன், கத்தினேன். ஓடி வந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். திரையை இழுத்தார்கள். திரை விலகும்போது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்த டாக்டரம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'ஏமீ லேது' என்பதற்கு இங்கிலீஷில் எழுதியிருந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று அழுதுகொண்டே சத்தியம் பண்ணினான் அவன். அவன் பொய் சொல்லவில்லை. பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். போன முறை ஊருக்கே கேட்கக் கத்தினவன் ஆயிற்றே நான்.

"மீக்கேமைனா தெலுசா?"

உங்களுக்கு ஏதாவது தெரியுமா. தெரியாது என்று தலையாட்டினேன்.

ஃபைல் கனத்தவன் முதலில் போவான் என்று எல்லோரும் போட்டிருந்த கணக்கில், நான் பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். வேளைக்கு வேளை என் விரலைக் குத்தியிருந்தார்கள், வேளைக்கு வேளை ஊசி போட்டிருந்தார்கள். என் வியாதிகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், யாரோ ஒருத்தருக்கு என்பதுபோல. நெஞ்சு வியாதி இருப்பது முன்னாலேயே தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று. "சொல்ல முடியாது. தெரிந்தே எத்தனையோ பேரைப் பறிகொடுத்தோம். ஆனால் அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருப்போம்," என்றார். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். பிழைத்திருக்க மாட்டார் என்றால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அவர் இரண்டையும் கொடுக்கவில்லை.

மாமா மூன்று வாரம் இருந்து, பாதி உடம்போடு வந்தார். என்னோடு ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் அக்காவின் போனைப் பிடுங்கி, "இன்சுலின் பேனாவ ஃபிரிட்ஜ்ல வெக்கணுமா, வெளிய வெக்கணுமாடா?" என்று கேட்டார். அதுதான் சமாதானம். சம்பந்தம் கெட்டுப்போகவில்லை. அந்த வீட்டம்மா சொல்லி அனுப்பினார்: அவர் பேசி வைத்தது அப்படியே நடக்கட்டும்.

கல்யாணம் சில மாதம் கழித்து, ஆள் எண்ணி அழைத்து, நடந்தது. முன்வரிசையில் மாமா. போளி வந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டே, பக்கத்து இலைக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். "ஷுகர மறைக்கவே கூடாதுப்பா. மறைக்கறவன் முட்டாளு. எங்க மச்சான் கிட்ட கேளு, எப்ப இருந்து சொல்லிகினு கீறேன்னு." நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியின் வீட்டம்மா பரிமாறிக்கொண்டு வந்தார். தாலி கட்டும்போது மணவறைப் பக்கம் வராமல் தூணுக்குப் பின்னால் நின்றவர், பந்தியில் மட்டும் வந்து நின்றார். என் இலைக்கு முன்னால் வந்ததும் குனிந்தார்.

"அண்ணா, நீதான பக்கத்துக் கட்டுல்ல இருந்த. கடைசியா ஏதாச்சும் கேட்டாரா?"

சொல்லியிருக்கலாம். நூறு பேர் நடுவில், கல்யாணத்தன்று, எப்படிச் சொல்வது என்று மறுபடியும் எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

"ஏலக்கா போட்டுக்கினு இருந்தாரும்மா. வாய் கசக்குதுன்னு."

அந்தம்மா கரண்டியைத் தூக்குவாளியில் வைத்தார்.

"ஏலக்கா வாசனையே ஆவாது அவருக்கு. பாயசத்துல போட்டாக்கூட எழுந்து போயிடுவாரு."

நான் தலை நிமிரவில்லை. அவர் அடுத்த இலைக்குப் போகவும் இல்லை. குனிந்தபடியே சொன்னார்: "அந்த மாத்திரய சட்டப் பைல நான்தான் வெச்சி அனுப்பிச்சேன். டாக்டர் போன்ல கேட்டப்போ நானும் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன். வாயத் தெறக்கல. இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு."

பந்தி முழுக்கப் பேச்சும் சிரிப்பும். எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் அந்த நடுக்கட்டில் இருந்தது.

"பையனுக்கு ஒரு தபா நெஞ்சு பாக்கணும்ணா," என்றார். "அவங்கப்பனுக்கு நாப்பதுலயே மூச்சு வாங்கும். நீ கூட வரியா?"

தை கழிந்து ஒரு காலையில் மூன்று பேரும் திருப்பதிக்குப் போனோம், என் பஸ்ஸிலேயே. வேறு ஆஸ்பத்திரி, ஆனால் கேள்வி அதேதான். கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் தெலுங்கில் கேட்டாள். உங்களுக்கு வேறு வியாதி உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா.

"ஏமீ லேது," என்றான் பையன். அப்பாவின் அதே குரல், அதே நிதானம்.

அந்தம்மாவும் நானும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் விட்டுக்கொடுத்தேன். அவர் கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கு தட்டுத்தடுமாறி, "வாள்ள நைனாக்கி," என்று ஆரம்பித்தார். இவன் அப்பாவுக்கு. பையன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். "வாள்ள நைனாக்கி குண்டெ ஜப்பு. ராயம்மா," என்றார்.

நெஞ்சு வியாதி. எழுதிக்கொள்ளம்மா.

"எப்பலேருந்து?" என்று பையன் கேட்டான், தமிழில், என்னைப் பார்த்து.

அந்தப் பெண் எழுதி முடிக்கிறவரை காத்திருந்து, அவனை பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, அவன் அப்பா மூன்று இடத்தில் நின்ற மாடிப்படியிலிருந்து ஆரம்பித்தேன்.